கென் கிரிம்வுட்டின் ‘ரீப்ளே’: 18 வயசு உடம்பில் 43 வயசு மனசு

1988 அக்டோபர் 18, மதியம் 1 மணி 6 நிமிஷம். நியூயார்க்கில் ஒரு ரேடியோ நிலையத்தின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கும் ஜெஃப் வின்ஸ்டனுக்கு வயசு 43. மனைவி லிண்டாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சடைத்துச் சரிகிறான். லிண்டா சொல்ல வந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. கண் விழித்தால் 1963. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்து ஹாஸ்டல் அறை, வயசு 18. தலைக்குள் மட்டும் 25 வருஷத்து ஞாபகம் துளி சிந்தாமல் இருக்கிறது.

‘ரீப்ளே’ 1986-ல் வந்த ஆங்கில நாவல். 1988-ல் உலக ஃபேன்டஸி விருதை வாங்கியது. 300 பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். கால இயந்திரம் இல்லை, விஞ்ஞானி இல்லை, ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கமும் இல்லை. அதனால் இதை அறிவியல் புனைவில் சேர்ப்பதா, மாயக்கதையில் சேர்ப்பதா என்ற வாதம் வாசகர்களிடையே உண்டு. எங்கள் கணக்கில் இது அறிவியல் புனைவுதான். ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதைக் கடைசிப் பக்கம்வரை மீறாமல், அதிலிருந்து என்னென்ன விளையும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் கதைக்கு வேறு என்ன பெயர்?

இன்னொரு விஷயத்தை இன்றைக்குப் படிப்பவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். புத்தகம் வந்தது 1986. நாயகன் சாவது 1988. முதல் வாசகர்கள் கையில் எடுத்தபோது அந்தத் தேதி இன்னும் வரவில்லை. நமக்குப் பழங்கதையாகத் தெரிவது அவர்களுக்கு அடுத்த தெருவில் காத்திருந்த நாள்.

விதி எளிது. திரும்பிப் போகும்போது கையோடு எதுவும் வராது, நினைவு மட்டும் வரும். எப்படி வாழ்ந்தாலும், எந்த டாக்டரிடம் காட்டினாலும், அதே தேதி அதே நிமிஷத்தில் இதயம் நிற்கும். நின்றதும் மறுபடி 1963. அந்தச் சுற்றில் சேர்த்த பணம், கட்டின வீடு, பெற்ற பிள்ளை எல்லாம் துடைத்துப் போய்விடும். இன்னொரு விதி நடுவழியில்தான் தெரியவரும். கதையின் முதுகெலும்பு அது என்பதால் கீழே சொல்லியிருக்கிறோம். எதுவும் தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பமீலா என்ற பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசி மூன்று பத்திக்குத் தாவிவிடலாம். முடிவை எங்கேயும் உடைக்கவில்லை.

பையில் காசில்லாத 18 வயசுப் பையன் எப்படிப் பணக்காரன் ஆவான்? இந்த வகைக் கதைகள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். நாயகனுக்கு எல்லாத் தேதியும் எல்லா விலையும் பஞ்சாங்கம் மாதிரி நினைவிருக்கும், வாசகனுக்கு நம்பிக்கை போய்விடும். கிரிம்வுட் அப்படிச் செய்யவில்லை. ஜெஃப்புக்கு அந்த வருஷத்திலிருந்து உருப்படியாக நினைவிருப்பது ஒரு குதிரையின் பெயர், ஷாடகே.

1963 மே 4 அன்று கென்டக்கி டெர்பியில் நிஜமாகவே ஜெயித்த குதிரை அது. எல்லோரும் நம்பியிருந்த கேண்டி ஸ்பாட்ஸ் மூன்றாவதாக வந்தது. ஷாடகே மேல் போட்ட 2 டாலர் டிக்கெட்டுக்குக் கிடைத்தது 20 டாலர் 80 சென்ட். அன்றைக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. அதாவது ஒன்பதரை ரூபாய் போட்டவன் 99 ரூபாயோடு வீடு திரும்பியிருப்பான். ஜெஃப்புக்குப் பந்தயம் கட்டும் வயசு இல்லை. அதனால் மூத்த மாணவன் ஃபிராங்க் மாடாக்கைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, புரட்ட முடிந்ததையெல்லாம் புரட்டிப் போடுகிறான். டெர்பியைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு சரியும் இருக்கிறது. கிண்டியில் டோட் கட்டிப் பழகினவர்களுக்கு அது உடனே புரியும். டோட் முறையில் எல்லோர் பணமும் ஒரே தொட்டியில் விழுந்து, கழிவு போக மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும். சின்னப் பந்தயத்தில் ஒரே ஆள் மொத்தமாகக் கொட்டினால் அந்தக் குதிரைக்குக் கிடைக்கும் தொகை தானாகவே சரிந்துவிடும். அவன் பணமே அவன் லாபத்தைத் தின்றுவிடும். நாடே கட்டும் பந்தயத்தில் ஒரு மாணவன் கொண்டுவரும் சில ஆயிரம் டாலர் தொட்டியைக் கலக்காது.

அந்த வருஷம் அடுத்த பெரிய பந்தயமான பிரீக்னஸில் கேண்டி ஸ்பாட்ஸ் வென்றது, அதற்கடுத்த பெல்மான்ட்டில் மறுபடி ஷாடகே. அக்டோபரில் பேஸ்பால் உலகத் தொடர். டாட்ஜர்ஸ் அணி யாங்கீஸை நான்குக்கு நான்கு ஆட்டத்திலும் வென்றது. ஜெஃப்பின் செல்வம் எழும்புவது இந்த நிஜ முடிவுகளின் மேல்தான். கிரிம்வுட்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் ரேடியோ செய்தி ஆசிரியராக வேலை பார்த்தவர். எந்தச் செய்தி மனசில் தங்கும், எது மறுநாளே உதிரும் என்பது அவருக்குத் தொழில்வழி தெரிந்த சங்கதி. நாயகனைச் செய்திக்காரனாக வைத்ததால்தான் மொத்த நாவலும் நிற்கிறது. வேறு தொழில் பார்த்தவனாக இருந்தால் அவன் ஞாபகமும் வேறு மாதிரி இருந்திருக்கும், கதையும் வேறாகியிருக்கும்.

இந்த நாவலைச் சோதித்துப் பார்க்க நல்ல வழி, ஜெஃப்பை 1963-ன் தண்டையார்பேட்டையில் எழுப்பிவிடுவது. 1988 அக்டோபரில் செத்த ஓர் ஆள் 25 வருஷம் பின்னால் போய் நிற்கிறான். காமராஜர் இன்னும் முதலமைச்சர், அக்டோபர் 2 அன்று பதவியை விடப் போகிறார். மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்து எட்டு வருஷம் ஆகிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை இல்லை, அது ஓடத் தொடங்குவது 1969-ல். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் சிவப்புக் கட்டடம் உயிரோடு நிற்கிறது. 1985 மே மாதத்துத் தீ வர இன்னும் 22 வருஷம் இருக்கிறது. இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுகிறோமே, அந்த இடத்துக்குப் பக்கத்தில் அவன் பழைய புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

சரி, காசுக்கு என்ன செய்வான்? லாட்டரி என்று வாயில் வரும். தமிழ்நாடு அரசு லாட்டரி 1968-ல் வந்தது, ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகத்தோடு. 2003-ல் தடை செய்யும்வரை தெருவுக்குத் தெரு கடை இருந்தது. அத்தனை குலுக்கலில் ஒன்றின் முதல் பரிசு எண்ணாவது யாருக்காவது நினைவிருக்கிறதா? எண் தங்காது, பெயர் தங்கும். கிரிம்வுட் குதிரையைப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த 1983 ஜூன் 25 வேண்டுமானால் வியாசர்பாடிச் சின்னப் பையனுக்கும் மறக்காது. இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140. தொடருக்கு முன்னால் இந்தியாவுக்கு லண்டனில் 66-க்கு 1 கொடுத்தார்கள். ஆனால் அதற்கு 20 வருஷம் காத்திருக்க வேண்டும், பந்தயத்தை லண்டனிலும் கட்ட வேண்டும்.

தங்கம்? 1963 ஜனவரியில்தான் தங்கக் கட்டுப்பாடு வந்தது. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார்கள். கட்டித் தங்கத்தை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது சட்டப்படி குற்றம். கட்டுப்பாடு மொத்தமாக நீங்கியது 1990-ல், நம் ஆள் செத்து இரண்டு வருஷம் கழித்து. பங்கு வாங்கலாம் என்றால் திருவொற்றியூரிலேயே ஒன்று இருக்கிறது. 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1961-ல் பொதுப் பங்கு நிறுவனம் ஆகிவிட்டது. அதன் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டதை நாம் அறிவோம், 1988-ல் செத்தவன் அறியான். பெரம்பூர் பி அண்டு சி மில்லோ அவன் ஞாபகத்தில் பெரிய ஆலமரம். ஊரே அதன் சங்குச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்த காலத்தில் வளர்ந்தவன். அது 1996-ல் மூடப்பட்டது அவனுக்குத் தெரிய வழியே இல்லை. நம்பிக்கையோடு அதில் கொண்டுபோய்ப் போடுவான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு நாவலைத் திறந்தால் ஜெஃப்பின் ஒவ்வொரு அடியும் எவ்வளவு யோசித்து வைத்தது என்று விளங்கும். ஞாபகத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு என்பதை நாவல் ஓரிடத்திலும் மறக்கவில்லை. அவன் எத்தனை சுற்று வந்தாலும் 1988 அக்டோபர் 19-ஆம் தேதி செய்தித்தாளை மட்டும் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் ஜெஃப் ஃபியூச்சர் இன்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும்பணம் சேர்க்கிறான். லிண்டாவை முன்கூட்டியே தேடிப் போய்ப் பழகப் பார்க்கிறான், அவள் அவனை ஏற்பதில்லை. எந்த நாளில், எந்த மனநிலையில் சந்தித்தார்களோ அது இல்லாமல் அந்த உறவு மட்டும் முளைக்காது என்று நாவல் இரண்டே காட்சியில் காட்டிவிடுகிறது. வேறொருத்தியைக் கட்டுகிறான், கிரெட்சன் என்று ஒரு மகள். வருஷம் 1988-ஐ நெருங்க நெருங்க இதய நிபுணர்களை வைத்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறான். 1 மணி 6 நிமிஷத்துக்கு நெஞ்சு நிற்கிறது.

இரண்டாவது முறை 1963-ல் கண் விழிக்கும்போது அவன் மனசில் முதலில் வருவது பணம் போனது அல்ல. கிரெட்சன் சாகவில்லை, அவள் பிறக்கவே இல்லை. துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். புதைத்த இடம் இல்லை, போட்டோ இல்லை, பெயரைச் சொன்னால் தெரிந்த ஒரு ஆள்கூட உலகத்தில் இல்லை. காரியம் செய்ய முடியாத சாவு அது. காசிமேட்டில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் இன்னும் ஆழமாக இறங்கும். உடம்பு கிடைக்காத வீட்டில் எந்த நாளைத் துக்க நாள் என்று வைப்பது என்பதே ஒரு வேதனை. புத்தகத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான் என்று எங்களுக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இந்த இரண்டாவது சுற்றில் கல்லூரிக் காலத்து ஜூடியைக் கல்யாணம் செய்துகொண்டு அமைதியாக வாழ்பவன், பிள்ளை பெற்றுக்கொள்ளாமல் இரண்டு குழந்தைகளைத் தத்தெடுக்கிறான். இந்த முறை தன் சாவோடு ஒரு பிள்ளையின் பிறப்பும் அழிந்துவிடக் கூடாது என்ற கவனம். அவன் இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைகள் எங்கேயோ பிறந்துதான் இருப்பார்கள்.

கென்னடி கொலையையும் தொட்டுவிட வேண்டும். முதல் சுற்றில், 1963 நவம்பர் 22 வருவதற்குள் ஜெஃப் ஒரு வழி செய்கிறான். நிஜத்தில் கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டின் பெயரிலேயே ஜனாதிபதிக்கு மிரட்டல் கடிதம் போடுகிறான், ஆஸ்வால்ட் கைதாகிறான். அன்றைக்கே வேறொருவன் சுடுகிறான். இதற்குப் பின்னால் சதி இருந்ததா, காலமே தன்னைச் சரிசெய்துகொண்டதா என்று கிரிம்வுட் சொல்லாமல் விட்டது சரியான முடிவு. ஜெஃப்பாலும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது சுற்றின் முற்பகுதியில் வெறுப்பு தலைக்கேறி, ஷார்லா என்ற பெண்ணோடு ஊர் ஊராகக் குடியும் கூத்துமாக அலைகிறான். இந்தப் பகுதி நாவலின் பலவீனம். ஷார்லாவுக்கு உடம்பைத் தவிர எதுவும் எழுதித் தரப்படவில்லை. ஜெஃப்பின் சரிவைக் காட்ட ஒரு பத்துப் பக்கம் போதும், கிரிம்வுட் அதை இழுத்திருக்கிறார். 1980-களின் அமெரிக்க விற்பனை நாவல்களின் வாடை இங்கே தூக்கலாக அடிக்கும். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 16, 17 வயசுக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

அங்கிருந்து அவன் கலிஃபோர்னியாவின் வடக்கே ஆளில்லாத நிலத்தில் தனியாக விவசாயம் செய்து வாழப் போகிறான். 1974-ல் ஒரு சினிமா வெளியாகிறது, ‘ஸ்டார்ஸீ’. அப்படி ஒரு படம் அவன் வாழ்ந்த எந்தச் சுற்றிலும் வந்ததில்லை. அதில் வேலை செய்திருப்பவர்கள் ஹாலிவுட் இயக்குநர்கள் ஸ்பீல்பெர்க், லூகாஸ். எடுத்தவர் பமீலா ஃபிலிப்ஸ் என்ற, கேள்விப்படாத ஒரு பெண். புதுசாக ஒரு படம் வந்திருக்கிறது என்பதே, தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி. நாவலின் ஆகச் சிறந்த திருப்பத்துக்குத் துப்பாக்கியோ துரத்தலோ தேவைப்படவில்லை, ஒரு சினிமாப் பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது.

பமீலா வந்த பிறகுதான் அந்த இன்னொரு விதி வெளியே வருகிறது. சாகும் தேதி அசையாது. ஆனால் விழிக்கும் தேதி ஒவ்வொரு சுற்றுக்கும் 1988-ஐ நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது. முதலில் கவனிக்காத அளவுக்குக் கொஞ்சம், பிறகு மாசக் கணக்கு, பிறகு வருஷக் கணக்கு, அதுவும் போகப் போக வேகமாக. இரண்டு பேருக்கும் ஒரே அளவில் நகர்வதில்லை. பமீலா ஜெஃப்பைவிடத் தாமதமாக விழிப்பாள். ஆக, அவன் முதலில் வந்து அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். அவள் உடம்பு நடமாடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பவள் அவனை அறியாத பழைய பமீலா. அவள் எப்போது ‘வருவாள்’ என்று அவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பக்கங்கள் காதல் கதையாகவும் கணக்குப் புத்தகமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. படிக்கும்போது ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் விழித்த தேதியையும் அவள் விழித்த தேதியையும் குறித்துக்கொண்டே போங்கள். பாதிக்கு மேல் குழப்பம் வருகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேதிகளைத் தவறவிட்டவர்கள்தான். இரண்டு கோடுகளும் 1988-ஐ நோக்கிக் குறுகுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கடைசி 50 பக்கத்தின் மூச்சுமுட்டல் தானாகப் புரியும்.

தங்களைப் போல வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, இன்னும் நடக்காத சம்பவங்களையும் இன்னும் பிரபலமாகாத பெயர்களையும் வைத்து இருவரும் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறார்கள். புரிந்தவன் பதில் போடுவான். மலிவான, சரியான யுக்தி. பதில் வருகிறது, ஒரு மனநல மருத்துவமனையிலிருந்து. அந்த ஸ்டூவர்ட் மெக்கோவன் காட்சி குளிரடிக்க வைக்கும். எதைச் செய்தாலும் அழிந்துவிடும் என்ற அதே விதி ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அவன் இருக்கிறான். வருத்தம் என்னவென்றால், இவ்வளவு கனமான ஆளை அறிமுகப்படுத்திவிட்டு நாவல் சீக்கிரமே நகர்ந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய அவசரம் அரசாங்கப் பகுதியில். இருவரும் உண்மையை ஊருக்குச் சொல்கிறார்கள். அமெரிக்க அரசு அவர்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு, கேட்ட தகவலை வைத்து வெளிநாட்டு விவகாரங்களில் கைவைக்கிறது. உலகம் இருந்ததைவிட மோசமாகிறது. யோசனை அருமை, காரணமும் சரி: எதிர்காலம் தெரிந்தவன் கையில் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவனுக்கு எதிர்காலத்தின் ஒரு துண்டுதான் தெரியும். ஆனால் பல வருஷ அரசியல் சில பக்கச் சுருக்கமாக ஓடுகிறது. ஷார்லாவுக்குச் செலவழித்த பக்கங்களை இங்கே கொண்டுவந்திருந்தால் நாவல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும். ஜெஃப்பும் பமீலாவும் வாழ்க்கையின் பொருள் பற்றிப் பேசும் இடங்களும் இரண்டு மூன்று பக்கம் கூடுதல்தான்.

இந்தக் கதையை யாராவது தமிழில் கொண்டுவருவதாக இருந்தால் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. 43 வயசு மனசோடு 18 வயசு உடம்பில் நிற்பவன் 30 வயசுக்காரனிடம் பேசும்போது மொழி எதையும் காட்டிக்கொடுக்காது. ராயபுரத்தில் அப்படி முடியுமா? வேலைக்குப் போன இடத்தில் 30 வயசு மேஸ்திரியை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட வேண்டும், உள்ளுக்குள் அந்த ஆள் இவனுக்குத் தம்பி. எதிர்வீட்டுப் பெரியவரை ‘நைனா’ என்பான், அவருக்கும் இவனுக்கும் நிஜத்தில் நாலைந்து வயசுதான் வித்தியாசம். காலேஜ் தோழன் ‘வாடா’ என்று தோளில் கை போடுகிறான், இவனுக்கு அவன் மகன் வயசு. வாய் தவறி ஒரே ஒரு ‘தம்பி’ வந்துவிட்டால் போதும், எதிரே இருப்பவன் முகம் மாறிவிடும். ஆங்கிலத்தில் ஜெஃப்பின் அன்னியத்தன்மை ஜூடியோடு ஒட்டாத பேச்சிலும் ரசனையிலும்தான் தெரிகிறது. தமிழில் அது ஒவ்வொரு விளியிலும் தெரிந்தாக வேண்டும். இதைக் கையாளத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் மூலத்தில் இல்லாத ஒரு ஆழமே கூடிவிடும்.

படிக்க எவ்வளவு கஷ்டம்? ஆங்கிலம் நடுத்தரம். செய்தித்தாள் ஆங்கிலம் ஓடுகிறவர்களுக்கு அகராதி அதிகம் தேவைப்படாது. தடுக்குவது மொழி அல்ல, அமெரிக்க விவரங்கள். குதிரைப் பந்தயமும் பேஸ்பாலும் மேலே சொன்ன அளவுக்குத் தெரிந்தால் போதும். கூடவே வியட்நாம் போர், வாட்டர்கேட், 1986 ஜனவரி 28-ல் வெடித்த சேலஞ்சர் விண்ணோடம், இந்த மூன்றையும் ஒரு தரம் பார்த்துவிட்டு உட்காருங்கள். அந்தக் காலத்துப் பாட்டு, கார், சிகரெட் பெயர்களெல்லாம் வரிசையாக வரும். தெரியாவிட்டால் தாண்டிப் போங்கள், கதை கெடாது. முதல் 100 பக்கம் தானாக ஓடும். ஷார்லா பகுதியில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள், தாண்டினால் ‘ஸ்டார்ஸீ’ வந்துவிடும். மணிக்கு 30 பக்கம் என்று வைத்தால் 10, 11 மணி நேரம். தினமும் லோக்கலிலோ விம்கோ நகர் மெட்ரோவிலோ போய் வருகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் முடியும். கடைசி 50 பக்கத்தை மட்டும் வண்டியில் படிக்க வேண்டாம். சுற்றுகள் குறுகக் குறுகப் பத்திகளும் குறுகும், இறங்கும் ஸ்டேஷன் வந்து நடுவில் மூடினால் அந்த வேகம் அறுந்துபோகும். ஒரே மூச்சில், வீட்டில்.

கிரிம்வுட் இதற்குத் தொடர்ச்சியாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். முடிக்கவில்லை. 2003-ல், 59 வயசில், மாரடைப்பில் இறந்தார். நாவலின் முதல் காட்சியைப் படித்தவர்களுக்கு அந்தச் செய்தியைக் கடந்து போவது கஷ்டம்.

வாங்கும்போது ஒரு விஷயம். தீக்குப் பிறகு இடம் மாறிய மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலோ நடைபாதையிலோ பழைய பேப்பர்பேக் பிரதி கண்ணில் பட்டால், காசு கொடுக்கும் முன் கடைசித் தாள்களைத் திருப்பிப் பாருங்கள். பசை வைத்து ஒட்டிய பைண்டிங் காய்ந்தால் முதலில் உதிர்வது கடைசித் தாள்தான். இந்த நாவலில் கதை முடிந்த பிறகு மிகச் சிறிய பின்னுரைக் காட்சி ஒன்று இருக்கிறது. புதுப் பெயர், புது ஆள். அது இல்லாத பிரதியைப் படித்தாலும் கதை முடிந்த மாதிரியேதான் இருக்கும், குறை இருப்பதே தெரியாது. ஆனால் அந்தத் தாள் இருக்கும் புத்தகமும் இல்லாத புத்தகமும் ஒன்றல்ல. படித்துவிடாமல், தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.